பிளாஸ்டிக் சுவரை வெயில் தின்ற பலகையாக்குவது எப்படி?

பிளாஸ்டிக் மாடல் வீட்டுக்கு மர நிறம் அடிக்க உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது பிரவுன் பாட்டிலைத்தான். சுவர் முழுக்க ஒரே பிரவுன், அதன்மேல் கொஞ்சம் கறுப்பு. கடைசியில் அது மரமாகவும் தெரிவதில்லை, பழசாகவும் தெரிவதில்லை. வார்னிஷ் அடித்த புது மேஜைக்கு அந்த நிறம் பொருந்தும். பெயின்ட் இல்லாமல் பல வருஷம் வெட்டவெளியில் நின்ற பலகைக்குப் பொருந்தாது.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெளிறிய செல்லுலோஸ் நார். அதில் தூசியும் பூஞ்சையும் சேர்ந்துகொள்ள, பலகை சாம்பல் நிறமாகிறது. இந்த மாற்றம் மேல்தோலோடு நின்றுவிடும். கத்தியால் ஒரு கீறு கீறினால் உள்ளே புது மரத்தின் இளமஞ்சள் அப்படியே இருக்கும். இன்னொன்று: மரத்தில் மென்மையான வளையமும் கெட்டியான வளையமும் மாறி மாறி இருக்கின்றன. மென்மையான பகுதி சீக்கிரம் அரித்துப்போகும், கெட்டியானது வரப்பாக மேலே நிற்கும். பழைய பலகையைத் தடவினால் விரலில் தட்டுப்படும் அந்த வரிகள் இப்படி வந்தவைதான். நாம் பிளாஸ்டிக்கில் கொண்டுவர வேண்டியவை இந்த இரண்டும்: அரித்த வரி, வெளுத்த நிறம்.

எதைப் பார்த்து அடிப்பது?

படம் இல்லாமல் தொடங்காதீர்கள். மனதில் இருக்கும் 'பழைய மரம்' எப்போதும் உண்மையைவிட ஒரே சீராக இருக்கும்.

நான் சொல்லும் முன்மாதிரி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கும் போடி என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊர். கடல் மட்டத்திலிருந்து 8,300 அடிக்கு மேலே, மரமே இல்லாத வறண்ட மேட்டில் இருக்கிறது. 1870களின் கடைசியில் தங்கத்துக்காக ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து குவிந்து, சில வருஷங்களிலேயே கலையத் தொடங்கினார்கள். ஊர் முழுக்கப் பலகை வீடுகள். அந்தப் பலகைக்கும் சுரங்கத்துக்கும் விறகுக்கும் மோனோ ஏரிக்குத் தெற்கே இருந்த காட்டிலிருந்து மரம் கொண்டுவரவே 1881இல் ஒரு குறும்பாதை ரயில், அதாவது தண்டவாள இடைவெளி குறைந்த ரயில், போட்டார்கள். ரயில் மாடல் செய்பவர்களுக்கு இந்த ஊர்மேல் தனிப் பிரியம் இருப்பதில் ஆச்சரியமில்லை. 1962 முதல் இது மாநில வரலாற்றுப் பூங்கா. அங்கே கட்டடங்களைப் புதுப்பிப்பதில்லை. இடிந்து விழாமல் தாங்கிப் பிடிப்பதோடு சரி. அதனால் வெயிலும் பனியும் மரத்தை என்ன செய்யும் என்பதை அப்படியே பார்க்கலாம். படங்களும் இணையத்தில் ஏராளம்.

அந்தப் படங்களில் ஒரு சுவரை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பலகை வெள்ளிச் சாம்பல், பக்கத்தது மங்கிய செம்பழுப்பு, அதற்கடுத்தது இரண்டுக்கும் நடுவே. கூரை இறவாணத்துக்குக் கீழே, மழை படாத இடத்தில் பழுப்பு இன்னும் மீதி இருக்கும். தரையை ஒட்டிய பலகைகள் பனியிலும் சேற்றிலும் அடிபட்டுக் கறுத்திருக்கும். ஆக, பழுப்பே கூடாது என்பதல்ல. ஒரே பழுப்பு கூடாது. பலகைக்குப் பலகை நிறம் மாறுவதுதான் மரத்தின் அடையாளம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது.

கிட், சாமான்கள்

கிட் என்றால் பாகங்களாக வந்து, நாமே ஒட்டிக் கட்டும் மாடல். முதல் முயற்சிக்குச் சின்னக் கொட்டகை போதும். மாடி வைத்த ஓட்டலை எடுத்தால் ஜன்னல்களிலேயே பொறுமை போய்விடும். ரயில் மாடலில் அதிகம் புழங்குவது எச்.ஓ. அளவு, அதாவது 1:87. இதில் ஓர் ஆள் சுமார் 20 மி.மீ. உயரம், ஆறு அங்குலப் பலகை 1.75 மி.மீ. அகலம். வால்தர்ஸ், அட்லஸ், டிச்சி போன்ற நிறுவனங்களின் கிட்டுகளில் சுவரிலேயே பலகைக் கோடுகள் வார்த்திருக்கும். கிட் வந்து சேரும் வரை பழக, எவர்கிரீன் நிறுவனத்தின் பலகைக் கோடு போட்ட ஸ்டைரீன் (கிட்டுகளில் வரும் பிளாஸ்டிக்) ஷீட் ஒன்று இருந்தால் நல்லது. கிட்டில் வந்த பாகங்கள் பொருந்தியிருந்த சட்டத்தைத் தூக்கிப் போட வேண்டாம். பெயின்ட் சோதனைக்கு அதைவிட நல்ல துண்டு கிடைக்காது.

பெயின்ட் என்றால், ஓவியர்கள் பயன்படுத்தும் சாதாரண அக்ரிலிக் டியூப் போதும். கடையில் கேட்க வேண்டிய நிறங்கள்: டைட்டானியம் ஒயிட், கறுப்பு, ரா அம்பர், பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர். இந்த ஆறிலேயே எல்லாம் கலந்துகொள்ளலாம். கூடவே முதல் அடிப்பூச்சுக்கு ஒரு மேட் (பளபளப்பில்லாத) கிரே பிரைமர் ஸ்ப்ரே, ஒரு மேட் வார்னிஷ் ஸ்ப்ரே. பிரஷ்ஷில் ஒன்று மெல்லியது, ஒன்று நடுத்தரத் தட்டை, ஒன்று தேய்ந்துபோன பழையது. 80ஆம் நம்பர் உப்புத்தாள், கட்டர் பிளேடு, பழைய டூத் பிரஷ், டிஷ்யூ. நுண்பல் ரம்பம், அதாவது ரேசர் சா, இருந்தால் இன்னும் நல்லது. இரும்புக் கம்பி பிரஷ்ஷும் உதவும்.

வரி போடுவது

இதைப் பாகங்களை ஒட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். நாலு சுவரும் சேர்ந்த பிறகு மூலைகளில் கை நுழையாது.

சுவரை மேஜையில் தட்டையாக வைத்து, ரேசர் சாவின் பற்களைப் பலகை ஓடும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால்கூடப் பெயின்ட் போட்டபிறகு கண்ணில் குத்தும். படுக்கைப் பலகையென்றால் படுக்கையாக, நிமிர்ந்த பலகையென்றால் மேலிருந்து கீழாக. ரம்பத்தின் எடையே போதும், அழுத்த வேண்டாம். ரம்பம் இல்லாதவர்கள் உப்புத்தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி அதே திசையில் இழுக்கலாம். வரி சற்று மெல்லியதாக வரும், அவ்வளவுதான்.

உண்மையில் 1:87 அளவில் மர வரி கண்ணுக்கே தெரியக்கூடாது. கணக்குப்படி அது முடியைவிட மெல்லியது. ஆனாலும் போடுகிறோம், ஏனென்றால் அடுத்து வரப்போகும் நீர்த்த பெயின்ட் போய்த் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அது குட்டையாகத் தேங்கி, திட்டாகக் காயும். ஆகவே லேசான வரி போதும். ஆழமாக உழுதால் பலகை விறகாகிவிடும்.

எல்லாப் பலகையிலும் ஒரே அளவு வேண்டாம். நாலைந்தைத் தேர்ந்தெடுத்து இன்னும் கொஞ்சம் இழுங்கள். ஒன்றிரண்டு பலகை முனையில் கட்டரால் சின்ன வெடிப்பு, எங்கோ ஓரிடத்தில் ஒரு துண்டு பெயர்ந்தது மாதிரி ஒரு வெட்டு. கத்தி நுனியை ஓரிடத்தில் வைத்துச் சுழற்றினால் மரக்கண் கிடைக்கும். ஒரு சுவருக்கு இரண்டு மரக்கண்ணுக்கு மேல் போகாதீர்கள்.

கீறும்போது பிளாஸ்டிக் பிசிறு எழும். டூத் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, காய வையுங்கள். வார்ப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் கை எண்ணெயும் போகாவிட்டால் பெயின்ட் உரியும்.

பிரைமர்

ஒட்டும் விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் பிடிக்கிறது. நடுவே பெயின்ட் இருந்தால் பிடிக்காது. ஜன்னல், கதவுச் சட்டங்கள் தனிப் பாகங்களாக இருந்தால் கிட்டில் வந்த சட்டத்தோடே இருக்கட்டும், அப்படியே அடித்துக்கொள்ளலாம். உள்ளே விளக்கு வைக்கும் எண்ணமிருந்தால் சுவரின் உட்பக்கம் முதலில் கறுப்பு அடியுங்கள். இல்லாவிட்டால் சுவர் முழுவதும் வெளிச்சம் கசியும்.

ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே கேன்கள் சிலவற்றில் உள்ள கரைப்பான் ஸ்டைரீனை இளக்கிவிடும். மேலே சொன்ன சட்டத் துண்டில் அடித்து, காய்ந்த பிறகு தடவிப் பார்த்துவிட்டுத்தான் சுவரில் கை வைக்க வேண்டும். 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக அடியுங்கள். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் இப்போது போட்ட வரியெல்லாம் அடைந்துபோகும். காற்றில் ஈரம் மிகுந்த மழை நாளில் ஸ்ப்ரே வேலை வேண்டாம், மேற்பரப்பு வெளுத்துப் பூத்துவிடும். காற்றோட்டமான இடமும் முகத்துக்கு மாஸ்க்கும் கட்டாயம்.

அடி நிறம், பிறகு பலகை பலகையாக

வெள்ளை நிறைய, ரா அம்பர் கொஞ்சம், கறுப்பு ஒரு துளி. இதில் வருவது சற்றே வெதுவெதுப்பான வெளிர் சாம்பல். தண்ணீர் விட்டு இளக்கி, சுவர் முழுவதும் பலகையின் திசையிலேயே பூசுங்கள். 'இவ்வளவு வெளுப்பா' என்று தோன்றும். தோன்ற வேண்டும். மேலே வரும் ஒவ்வொரு அடுக்கும் இருட்டாக்கத்தான் போகிறது. தவிர, வெட்டவெளி வெயிலில் பார்க்கும் நிறத்தை அறைக்குள் வைக்கும் சின்னப் பொருளில் அப்படியே அடித்தால் அது கருமையாகத் தெரியும். மாடலுக்கு எப்போதும் ஒரு படி வெளுப்பு சரி.

இது காய்ந்ததும் வருவதுதான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்லும் கட்டம். பழைய தட்டு ஒன்றில் அதே அடி நிறத்தை நாலு குவியலாக வையுங்கள். ஒன்றில் ரா அம்பர் கூட்டுங்கள். ஒன்றில் பர்ன்ட் அம்பரும் துளி பர்ன்ட் சியன்னாவும் சேர்த்துச் செம்பழுப்புப் பக்கம் கொண்டுபோங்கள். ஒன்றில் கறுப்பு. ஒன்றில் யெல்லோ ஓக்கர். நாலும் அடி நிறத்திலிருந்து ஒரு படிதான் விலகியிருக்க வேண்டும். தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிய வேண்டும், இரண்டடி தள்ளிப் பார்த்தால் ஒன்றோடொன்று கலக்க வேண்டும். அதற்குமேல் விலகினால் சுவர் கோடு போட்ட சட்டைத் துணியாகிவிடும்.

இப்போது மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு பலகையாகப் பூசுங்கள். முறை வைத்துக்கொண்டு ஒன்று விட்டு ஒன்று என்று போகாதீர்கள். கை தானாக அந்த ஒழுங்குக்குத்தான் போகும், தடுத்தாக வேண்டும். நான் ஒரு நிறத்தை எடுத்தால் சுவரில் அங்கங்கே ஏழெட்டுப் பலகை பூசி, அடுத்த நிறத்துக்குப் போவேன். மூன்றில் ஒரு பங்குப் பலகைகளைத் தொடாமல் அடி நிறத்திலேயே விட்டுவிடுவேன். எச்.ஓ. அளவில் நீண்ட சுவரின் பலகை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே கோடாக வார்த்திருக்கும். நிஜத்தில் அவ்வளவு நீளப் பலகை கிடையாது. ஆகவே கட்டர் நுனியால் அங்கங்கே குறுக்கே ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து, வெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் வேறு நிறம் பூசுங்கள். குறுக்கே கோடு விழலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான். வெட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்று வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறவாணத்தின் கீழே முதல் இரண்டு பலகைக்குச் செம்பழுப்பு. பெயர்ந்த இடம், புதிதாக உடைந்த முனை ஆகியவற்றில் யெல்லோ ஓக்கரும் வெள்ளையும் கலந்த இளமஞ்சள் ஒரு புள்ளி. மேல்தோலுக்குள்ளே மரம் புதுசாக இருக்கும் என்று சொன்னது இதற்காகத்தான்.

வாஷ்

வாஷ் என்றால் மிகவும் நீர்த்த கருமை. அது வரிகளிலும் பலகை இடுக்குகளிலும் போய்த் தங்கி, வரப்பை வெளுப்பாக விட்டுவிடும். இதுவரை பிளாஸ்டிக்காகத் தெரிந்தது மரமாக மாறுவது இந்த இடத்தில்தான். கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கறுப்பையும் ரா அம்பரையும் சரிசமமாகக் கலந்து, அரிசி கழுவிய தண்ணீர் அளவுக்கு நீர்க்கவிடுங்கள். பாத்திர சோப் ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவும். சுவரின் ஒரு மூலையில் தொடங்கி, பலகைத் திசையிலேயே ஓட்டுங்கள். எங்காவது தேங்கினால் பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு அதன் நுனியாலேயே உறிஞ்சி எடுங்கள். படுக்கைப் பலகையென்றால் சுவரைத் தட்டையாகக் கிடத்தியே காய விடுங்கள். நிமிர்ந்த பலகையென்றால் சுவரைச் சாய்த்து வையுங்கள், வழிவதும் மரத்தின் திசையிலேயே வழியும்.

காயும்வரை தொடவே கூடாது. ஈரமாக இருக்கும்போது பார்ப்பதைவிடக் காய்ந்த பிறகு நிறம் நிறையக் குறைந்து தெரியும். ஈரத்தில் கணக்குப் போட்டு இன்னொரு பூச்சுப் போடுவதால்தான் பலருடைய சுவர் புகையடித்த அடுப்படியாகிறது. ஒரு பூச்சு, முழுக்கக் காயும்வரை பொறுமை, பகல் வெளிச்சத்தில் ஒரு பார்வை, தேவைப்பட்டால் மட்டும் அடுத்தது. ஏற்கெனவே அதிகமாகிவிட்டதா? ஈரமாக இருந்தால் டிஷ்யூவை நனைத்துப் பலகைத் திசையில் துடைத்துவிடலாம். காய்ந்திருந்தால் கவலை வேண்டாம், அடுத்த கட்டத்தில் மீட்கலாம்.

பலரும் இதற்குப் பரிந்துரைக்கும் இன்னொரு முறை உண்டு: 100 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 20, 30 சொட்டு இந்தியன் இங்க் என்ற கறுப்பு மை. சீக்கிரம் காயும், நிறமும் அழகாக உட்காரும். ஆனால் ஆல்கஹால் அக்ரிலிக்கை இளக்கும். பலகை பலகையாகப் பூசியதெல்லாம் பிரஷ்ஷோடு வந்துவிடலாம். அதனால் பிரைமர் ஸ்ப்ரே மேலே நேரடியாகப் போடும் அவசர வேலைக்கும், உண்மையான மரக்கட்டை கிட்டுக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சொன்ன முறைக்குத் தண்ணீர் வாஷ்தான் பத்திரம். ஆல்கஹால் பயன்படுத்தும்போது பக்கத்தில் நெருப்பு கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டிரை பிரஷ்

தேய்ந்த பிரஷ்ஷை வெளிர் சாம்பலில் தொட்டு, டிஷ்யூவில் துடையுங்கள். இன்னும் துடையுங்கள். பெயின்ட்டே இல்லை என்று தோன்றும்போது சுவரில் லேசாக வீசுங்கள். மேலே நிற்கும் வரப்புகளில் மட்டும் வெளுப்பு ஏறும். இங்கே மட்டும் பலகைக்குக் குறுக்கே வீசினாலும் சரிதான், சொல்லப்போனால் விளிம்புகள் இன்னும் நன்றாகப் பிடிக்கும். வாஷ் அதிகமாகிக் கறுத்த சுவரை இதுவே வெளியே கொண்டுவந்துவிடும். வெயில் அதிகம் விழும் பக்கத்துச் சுவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். கலிபோர்னியாவில் அது தெற்குச் சுவர்.

உரிந்த பெயின்ட் வேண்டுமென்றால்

ஊரில் எல்லா வீடும் பெயின்ட் இல்லாமல் இருந்திருக்காது. ஒரு காலத்தில் வெள்ளை அடித்து, பிறகு யாரும் கவனிக்காமல் விட்ட வீடு மாடலில் மிக அழகாக வரும். அதற்கு ஹேர் ஸ்ப்ரே முறை.

மேலே சொன்ன மர வேலை அத்தனையும் முடித்து, மேட் வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். அதன்மேல் சாதாரண ஹேர் ஸ்ப்ரே இரண்டு பூச்சு. அரை மணி நேரம் கழித்து வெள்ளை அக்ரிலிக் மெல்லியதாக ஒரு பூச்சு. தொட்டால் ஒட்டாத பதத்தில், இரவு முழுக்கக் காய விடாமல், பிரஷ்ஷில் தண்ணீர் தொட்டுச் சிறு பகுதியாக நனையுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கி ஹேர் ஸ்ப்ரேயைக் கரைக்கும். முரட்டு பிரஷ்ஷாலோ பல்குச்சியாலோ பலகைத் திசையில் தேய்த்தால் வெள்ளை செதில் செதிலாகப் பெயர்ந்து, அடியில் சாம்பல் மரம் தெரியும்.

எங்கே உரிக்கிறோம் என்பதில்தான் உண்மை இருக்கிறது. தரையை ஒட்டிய பலகைகளில் ஏறக்குறைய எல்லாமும் போகட்டும். வெயில் பக்கச் சுவரில் பாதிக்கு மேல். இறவாணத்தின் கீழேயும் ஜன்னல் சட்டத்தின் மேல்முனை நிழலிலும் வெள்ளை கெட்டியாக நிற்கட்டும். சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக உரித்தால் நோய் வந்த மாதிரிதான் தெரியும்.

மிச்ச வேலைகள்

ஆணித் துருவுக்குப் பர்ன்ட் சியன்னாவை நீர்க்க விட்டு, ஊசி நுனியால் புள்ளி வைத்து, ஈரப் பிரஷ்ஷால் கீழே ஒரு மி.மீ. இழுங்கள். சுவருக்குப் பத்துப் பன்னிரண்டு இடம் போதும். தகரக் கூரையென்றால் அதே நிறத்தோடு பர்ன்ட் அம்பர் கலந்து, பள்ளங்களின் திசையில் வடிந்தது போல். தரையை ஒட்டிய மூன்று நாலு மி.மீ. பட்டைக்கு, உங்கள் லேஅவுட்டின் (மாடல் ரயில் ஓடும் நிலக்காட்சியின்) மண் நிறத்தில் பேஸ்டல் சாக்கைப் பொடி செய்து, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். நிறம் பொருந்தினால்தான் வீடு மண்ணில் நிற்கும். இல்லாவிட்டால் மண்மேல் வைத்தது போலிருக்கும். இந்த மாதிரிப் பழமையேற்றும் வேலையை ரயில் மாடலில் பரவலாக்கியவர்களில் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் முக்கியமானவர். 1973இல் காலமானார். அவருடைய லேஅவுட் படங்களில் கட்டடங்களின் அடிப்பகுதியைத் தனியாகக் கவனித்துப் பாருங்கள்.

கடைசியில் மேட் வார்னிஷ். கொஞ்சமும் பளபளப்பு இருக்கக் கூடாது, மினுக்கம் தெரிந்த நொடியில் பிளாஸ்டிக் திரும்ப வந்துவிடும். வார்னிஷ் பட்டால் பேஸ்டல் பொடி பாதி மறைந்துபோகும் என்பதால் பொடியைச் சற்று அதிகமாகவே தேய்த்திருக்க வேண்டும், அல்லது வார்னிஷுக்குப் பிறகு இன்னொரு முறை தேய்த்து அப்படியே விட்டுவிட வேண்டும். பின்னதுதான் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதன்பிறகு சுவரை விரலால் தொடக்கூடாது. விளிம்பு டேப்பை எடுத்து, சுவர்களை ஒட்டி, மூலையில் வெள்ளையாகத் தெரியும் கோட்டுக்கு அடி நிறமும் ஒரு கைப்பிரஷ் வாஷும் கொடுங்கள். ஜன்னல் கண்ணாடித் தாளை எல்லாம் முடிந்த பிறகே உள்ளேயிருந்து ஒட்ட வேண்டும். முன்பே ஒட்டிவிட்டால் வார்னிஷ் ஸ்ப்ரே அதை மங்கலாக்கிவிடும், துடைத்தாலும் போகாது.